பழைய பாமினிக் கோப்புகளும் புதிய கணினிகளும்: தமிழ் சிதையாமல் இடம் மாற்றுவதற்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தின் பாடசாலை அலுவலகங்களிலும், சனசமூக நிலையங்களிலும், அச்சகங்களிலும் இரண்டு வகைத் தமிழ்க் கோப்புகள் இன்றும் ஒன்றாகவே கிடக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டவை ஒரு வகை. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் அமைந்தவை மற்றைய வகை. திரையில் இரண்டுமே தமிழாகத் தெரிவதால் அவற்றை வேறுபடுத்தாமல் ஒரே ஆவணத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஆவணம் வேறொரு கணினிக்குப் போனதும் பாதி தமிழாகவும் பாதி ஆங்கில எழுத்துக் குவியலாகவும் திறக்கிறது. பழைய மாணவர் சங்க மலர் ஒன்றைத் தொகுப்பவருக்கு இது நன்கு தெரிந்திருக்கும். ரொறன்ரோவிலிருந்து வரும் கட்டுரை மக் கணினியில் எழுதப்பட்டது, கொழும்பிலிருந்து வரும் வாழ்த்துச் செய்தி கைபேசியில் எழுதப்பட்டது, பாடசாலையின் பழைய வரலாறோ பாமினியில் உள்ளது.

கணினியில் தமிழ் தட்டச்சுச் செய்யத் தெரிந்து, குறியாக்கம் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எல்லாப் படிகளுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே மனதிற் கொள்ள வேண்டும்: கோப்பொன்றைத் தவறான முறையில் திறப்பதால் அதிலுள்ள தமிழ் அழிவதில்லை, தவறாகத் திறந்ததை அப்படியே சேமிக்கும்போதுதான் அழிகிறது. ஆகவே திரையில் விபரீதமாக ஏதாவது தோன்றினால், சேமிக்கும் பொத்தானைத் தொடாமல் கோப்பை மூடிவிடுவதே சரியான முதல் வேலை.

கோப்புக்குள் இருப்பது என்ன?

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அகரத்தின் எண் 2949, ககரத்தின் எண் 2965, மெய்யெழுத்தின் தலையில் இடும் குற்றின் எண் 3021. இந்த எண்களைக் கோப்பில் எழுதுவதற்கும் சில முறைகள் உள்ளன. இணையத்திலும் பெரும்பாலான மென்பொருள்களிலும் வழங்குவது யூ.ரி.எஃப்-8 என்னும் முறை. அதில் மேற்சொன்ன தொகுதியிலுள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகளை (பைற்று என்பது கணினிச் சேமிப்பின் ஒரு சிறிய அலகு) எடுக்கும்; க என்பது 224, 174, 149 என்ற மூன்று பைற்றுகளாகப் பதியப்படும்.

யாழ்ப்பாணம் என்ற சொல்லையே எடுத்துப் பார்க்கலாம். நாம் அதை ஆறு எழுத்தாக எண்ணுகிறோம். கணினிக்கோ ய, அரவு (ஆகாரக் குறி), ழ, குற்று, ப, குற்று, ப, அரவு, ண, ம, குற்று என்று அது பதினொரு குறிகள். யூ.ரி.எஃப்-8 முறையில் அது 33 பைற்று, யூ.ரி.எஃப்-16 என்ற இன்னொரு முறையில் 22 பைற்று. இந்தக் கணக்கு பின்னால் இரண்டு மூன்று இடங்களில் உதவும்.

பாமினியின் வழி வேறு. அதற்குத் தமிழுக்கென்று தனியான எண்கள் கிடையா. ஆங்கில எழுத்துகளின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் வடிவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டார்கள். தமிழ் என்ற சொல் பாமினிக் கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கிறது. எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். நிறுவப்படாத கணினியில் உள்ளபடியே தெரியும். இதைக் குறைகூறுவது எளிது. ஆனால் விண்டோஸ் 98 காலத்துக் கணினிக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னாலும் அரவைப் பின்னாலும் தானாக இடும் ஆற்றல் இருக்கவில்லை. விண்டோஸில் ஒருங்குறித் தமிழ் சரியாகத் தெரியத் தொடங்கியதே விண்டோஸ் 2000இல்தான். அதுவரை தமிழில் ஏதாவது அச்சிட வேண்டுமென்றால் இப்படியான எழுத்துருக்களே வழி. இலங்கையில் ஒருங்குறியைத் தழுவிய தமிழ்க் குறியாக்க நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்துடன் 2008இல் வந்தது. அதற்குள் சேர்ந்துவிட்ட பாமினிக் கோப்புகள்தான் இன்று நம் கையில் இருப்பவை.

முதற்படி: எது எதுவென்று இனங்காணல்

ஆவணத்தைத் திறந்து, ஒரு வரியைத் தெரிவு செய்து, எழுத்துருவை ஏரியல் என்றோ ரைம்ஸ் நியூ ரோமன் என்றோ மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறினால் அது பாமினி அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த எழுத்துரு. பார்த்து முடிந்ததும் மாற்றத்தை மீளப்பெற்றுவிடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால், தலைப்பு, உடற்பகுதி, அட்டவணை ஆகியவற்றைத் தனித்தனியே சோதிப்பது நல்லது.

ஏற்கெனவே சிதைந்து தெரியும் கோப்பாயின், சிதைவின் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும். சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தால் அது எழுத்துரு இல்லாத பாமினி. உள்ளடக்கம் முழுமையாக இருக்கிறது. தலையில் சாய்கோடு இட்ட சிறிய ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், அடுத்து வேறொரு குறி என்று மும்மூன்றாக வரிசை நீண்டால், அது விண்டோஸ்-1252 என்ற மேலைத்தேயக் குறியாக்கமாகத் தவறாக வாசிக்கப்பட்ட யூ.ரி.எஃப்-8 கோப்பு. அந்த அட்டவணையில் 224 என்பது சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்டத்து ஆர், 149 என்பது தடித்த பொட்டு. மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அங்கே இருப்பது ஒரு ககரம். இதிலும் இழப்பு இல்லை. வெறும் பெட்டிகள் தெரிந்தால் அந்த உரைக்குத் தெரிவாகியுள்ள எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே பொருள்; விண்டோஸில் லதா அல்லது நிர்மலா யூ.ஐ. எழுத்துருவைத் தெரிவு செய்தாலே சரியாகிவிடும்.

கேள்விக்குறிகள் மட்டும் வேறு. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக இருந்தால், தமிழை அறியாத குறியாக்கம் ஒன்றில் யாரோ அதைச் சேமித்துவிட்டார்கள். அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. சந்தேகமிருந்தால் வெறும் உரைக்கோப்பின் பருமனைப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்ற சொல் 33 பைற்றிலிருந்து 11 கேள்விக்குறியாக, அதாவது 11 பைற்றாகச் சுருங்கியிருக்கும். முழுத் தமிழ்க் கோப்பொன்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்திருந்தால், மீட்கும் மென்பொருளைத் தேடி நேரத்தைச் செலவிடாமல், அனுப்பியவரிடம் மூலப்பிரதியை மறுபடி கேட்பதே மேல்.

இரண்டாம்படி: மூலத்தை ஒதுக்கி வைத்தல்

கோப்பின் பிரதியொன்றை வேறொரு கோப்புறையில் வைத்து, அதை வாசிக்க மட்டுமே முடியும்படி அமைத்துவிடுங்கள். அதனோடு ஒரு சிறு குறிப்பும் இருக்கட்டும்: எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், யாரிடமிருந்து வந்தது. பாமினிக் கோப்பில் எழுத்துருவின் பெயர் தொலைந்துவிட்டால், அது பாமினியா அல்லது வேறு அமைப்பில் செய்யப்பட்ட எழுத்துருவா என்று பின்னர் ஊகிக்க வேண்டிவரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த கோப்புகள் 1999இல் அங்கு நியமமாக்கப்பட்ட டாப், டாம் குறியாக்கங்களிலும், இணையக் குழுக்களில் புழங்கியவை திஸ்கியிலும் இருக்கலாம். மாற்றிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தெரிவு வைத்திருக்கின்றன; தவறானதைத் தெரிவு செய்தால் கிடைப்பது தமிழெழுத்திலேயே அமைந்த பொருளற்ற சொற்கூட்டம்.

மூன்றாம்படி: பாமினியை ஒருங்குறிக்கு மாற்றல்

பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி முதலிய இலவச மாற்றிகள் இந்த வேலையைச் செய்கின்றன. பாமினி உரையை ஒட்டினால் ஒருங்குறி உரை கிடைக்கும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். ஒருங்குறியில் எழுத்து முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். மாற்றி இந்த ஒழுங்கையும் சேர்த்தே திருத்தித் தருகிறது.

முழு ஆவணத்தையும் ஒரே தடவையில் தெரிவு செய்து மாற்றியில் ஒட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும், பட்டப்பெயரும், நூற்பெயரும் எல்லாம் தமிழெழுத்துக் குழப்பமாகிவிடும். நிறுத்தக் குறிகளின் நிலை இன்னும் நுட்பமானது. பாமினியில் காற்புள்ளி விசை இகரத்துக்கும், சாய்கோட்டு விசை ஆய்தத்துக்கும் உரியவை. ஆகவே ஆங்கில எழுத்துருவில் 12,500 என்று தட்டப்பட்ட தொகை மாற்றியைக் கடந்ததும் 12இ500 ஆகிறது, 2019/04/12 என்ற திகதி 2019ஃ04ஃ12 ஆகிறது, பாடசாலைப் பெயருக்கு முன்னால் இடும் யா/ என்ற குறி யாஃ ஆகிறது. நம் ஊர்ச் செய்திகளிலும் அறிவித்தல்களிலும் இந்த யாஃ எத்தனையோ காலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதுவே சரியான வழக்கு என்று நினைத்துக் கையாலும் அப்படியே எழுதுபவர்கள் இப்போது வந்துவிட்டார்கள்.

வேர்டில் மேம்பட்ட தேடல் பெட்டியைத் திறந்து, தேடும் சொல் எதையும் எழுதாமல் வடிவமைப்பில் எழுத்துருவாகப் பாமினியை மட்டும் தெரிவு செய்து, முதன்மை ஆவணம் முழுவதிலும் தேடுமாறு பணித்தால், பாமினியில் உள்ள பகுதிகள் எல்லாம் ஒன்றாகத் தெரிவாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால், எந்தப் பந்தியில் ஆங்கிலம் கலந்திருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கும். கலப்பில்லாத பந்திகளை மொத்தமாக மாற்றலாம். கலப்புள்ளவற்றில் தமிழ்த் துண்டுகளை மட்டும் மாற்றியில் இட்டு, ஆங்கிலத்தையும் எண்களையும் மூலத்திலிருந்து மறுபடி எடுத்து வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னர் இருநூறு இடங்களில் இகரத்தைக் காற்புள்ளியாக்கித் திரிவதைவிட இது குறைந்த அலுப்பு.

நான்காம்படி: மாற்றியபின் எஞ்சும் பிழைகள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். மாற்றி தந்த உரை கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் இரண்டு வகைப் பிழைகள் அநேகமாக இருக்கும், இரண்டுமே கண்ணை ஏமாற்றுபவை.

ஒன்று, அரவுக்கும் ரகரத்துக்கும் இடையிலான குழப்பம். குற்றோ விசிறியோ (இகரக் குறி) சேரும்போது ரகரத்தின் கால் பல எழுத்துருக்களில் மறைந்துவிடுவதால், ர் என்பதும் அரவின் மேல் இட்ட குற்றும் ஒன்றுபோலவே தெரியும். பழைய தட்டச்சாளர்கள் பலர் ரகர விசைக்குப் பதிலாக அரவு விசையைத் தட்டிப் பழகியிருக்கிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாததால் அன்று அது ஒரு பொருட்டாகவும் இருக்கவில்லை. அந்த உரை ஒருங்குறிக்கு வந்ததும் அவர்கள் என்பது அவா்கள் என்றும், ஆசிரியர் என்பது ஆசிாியா் என்றும் சேமிக்கப்படுகிறது. சில எழுத்துருக்களில் இன்னமும் வித்தியாசம் தெரியாது; ஆனால் ஆசிரியர் என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது, கைபேசியின் வாசிப்புச் செயலி அதைத் தவறாக உச்சரிக்கும், அகரவரிசையில் அது வேறெங்கோ போய் நிற்கும்.

மற்றையது ஔகாரக் குழப்பம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். கொம்பு, ஓர் எழுத்து, ளகரம் என்று வந்தால் அது கௌரியின் கௌ ஆகவும் இருக்கலாம், தெளிவின் தெள ஆகவும் இருக்கலாம். அவசரக்கார மாற்றிகள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடுகின்றன. அதனால்தான் தௌிவு, வௌியீடு, வௌ்ளம் போன்ற விநோத வடிவங்களை இணையத்தில் இவ்வளவு காண்கிறோம்.

நல்வேளையாக இவ்விரண்டையும் பெருமளவுக்கு இயந்திரத்தனமாகவே திருத்தலாம். தமிழில் ஓர் எழுத்து இரண்டு உயிர்க்குறிகளைச் சுமப்பதில்லை, உயிர்க்குறியின் மேல் குற்றும் வருவதில்லை. ஆகவே அரவைத் தொடர்ந்து குற்று, விசிறி, சுழிவிசிறி (ஈகாரக் குறி) ஆகியவற்றுள் ஒன்று வந்தால் அந்த அரவு ரகரமாக இருக்க வேண்டியது. ஔகாரக் குறியைத் தொடர்ந்து இன்னொரு குறி வந்தால் அங்கே இருக்க வேண்டியது கொம்பும் ளகரமும். உரையை நோட்பேட்++ போன்ற எளிய உரைத்தொகுப்பியில் திறந்து, தேடி மாற்றும் பெட்டியில் இந்தச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக இட்டு மாற்றுங்கள். சொற்செயலியைவிட உரைத்தொகுப்பியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது குறிகளைத் தனித்தனியாகத் தேடுவதுதான். குறியேதும் தொடராத ளகரம் வரும் இடங்களில் மட்டும் மனிதக் கண் வேண்டும்: வேறு சில மாற்றிகளில் மௌனம் என்பது மெளனம் என்று கொம்பும் ளகரமுமாகப் பதிந்திருக்கும், வௌவால் வெளவால் ஆகியிருக்கும். இவை எண்ணிக்கையிற் குறைவு; ஔகாரம் வரும் சொற்களைத் தேடி ஒரு தடவை பார்த்துவிடலாம்.

ஆய்தத்தையும் இகரத்தையும் இதேபோல் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். எஃகும் அஃதும் பாழாகிவிடும். இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும் இகரம், எண்களுக்கு நடுவிலோ யா என்பதற்குப் பின்னாலோ நிற்கும் ஆய்தம் ஆகியவற்றை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பு.

ஐந்தாம்படி: சேமிப்பதும் எக்செலுக்குக் கொண்டுபோவதும்

உரைக்கோப்பாகச் சேமிக்கும்போது குறியாக்கத் தெரிவில் யூ.ரி.எஃப்-8 என்பதையே எப்போதும் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டு மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே இதைத்தான் செய்கிறது. அதற்கு முந்திய கணினிகளில் இயல்பான தெரிவு, தமிழை அறியாத பழைய குறியாக்கமான ஆன்சி என்று இருக்கும். தமிழைச் சேமிக்கும்போது எழுத்துகள் இழக்கப்படும் என்று அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை வாசிக்காமல் சரி என்று அழுத்துவதுதான் கேள்விக்குறிக் கோப்புகள் பிறக்கும் வழி.

பாடசாலைகளில் மிக அதிகமாக நடக்கும் சிதைவு எக்செலில் நடக்கிறது. கூகுள் படிவம் மூலம் பெற்றோரிடமிருந்து விபரங்கள் பெறப்படுகின்றன. கூகுள் அட்டவணையிலிருந்து அவை சி.எஸ்.வி. கோப்பாக (நிரல்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் உரைக்கோப்பு)த் தரவிறக்கப்படுகின்றன, அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கால் எக்செலில் திறந்ததும் சாய்கோட்டு ஏ வரிசை நிற்கிறது. கூகுள் தரும் கோப்பு சரியான யூ.ரி.எஃப்-8 கோப்புதான். ஆனால் அதன் தலையில் குறியாக்கத்தை அறிவிக்கும் 239, 187, 191 என்ற மூன்று பைற்று அடையாளம் இல்லாததால், எக்செல் அதைக் கணினியின் வழக்கமான குறியாக்கம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதைத் தவிர்க்க, எக்செலில் வெற்றுப் பணிப்புத்தகம் ஒன்றை முதலில் திறந்து, தரவு என்ற தாவலில் உரை அல்லது சி.எஸ்.வி. கோப்பிலிருந்து பெறும் தெரிவைச் சொடுக்கி, கோப்பைக் காட்டுங்கள். தோன்றும் முன்காட்சியில் கோப்பின் மூலம் என்ற இடத்தில் யூ.ரி.எஃப்-8ஐக் குறிக்கும் 65001 என்ற இலக்கத்தைத் தெரிவு செய்தால் தமிழ் தெளிவாகத் தெரியும். அங்கிருந்தே தரவை மாற்றியமைக்கும் தெரிவைச் சொடுக்கி, தொலைபேசி இலக்க நிரலையும் உரை வகையாக அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 021 என்று தொடங்கும் இலக்கங்களெல்லாம் முதற் சுழியத்தை இழந்துவிடும். இது குறியாக்கச் சிக்கலன்று, ஆனால் இதே கோப்பில் இதே வேளையில்தான் எப்போதும் நேர்கிறது. திருப்பிச் சேமிக்கும்போது, புதிய எக்செல்களில் உள்ள சி.எஸ்.வி. யூ.ரி.எஃப்-8 என்ற வகையையே தெரிவு செய்ய வேண்டும். அதனருகில் வெறும் சி.எஸ்.வி. என்று இருப்பது தமிழையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிடும்.

சாய்கோட்டு ஏ வரிசையுடன் யாரோ ஏற்கெனவே சேமித்துவிட்ட கோப்பு வந்தாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. அதன் உரையைப் புதிய கோப்பொன்றில் ஒட்டி, விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் சேமித்து, பின்னர் அதையே யூ.ரி.எஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பெரும்பாலும் தமிழ் திரும்பிவிடும். குற்றும் உகரக் குறி போன்ற சிலவும் சிக்கல் தரலாம். குற்றின் மூன்றாவது பைற்றான 141க்கும் உகரக் குறியின் மூன்றாவது பைற்றான 129க்கும் அந்த மேலைத்தேய அட்டவணையில் எழுத்து எதுவும் இல்லாததால், சில மென்பொருள்கள் அந்த இடத்தைக் கைவிட்டுவிடுகின்றன. மீண்டுவந்த உரையில் மெய்யெழுத்துகள், உகரம் ஏறிய எழுத்துகள் போன்ற சில மட்டும் பழுதாகியிருந்தால் காரணம் இதுதான்.

தரவுத்தளமும் இணையப்பக்கமும்

இணையப்பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைற்றுக்குள், குறியாக்கம் யூ.ரி.எஃப்-8 என்று அறிவித்துவிட வேண்டும். மைஎஸ்.கியூ.எல். தரவுத்தளமாயின், பெயரில் யூ.ரி.எஃப்-8 என்று மட்டும் இருக்கும் பழைய தெரிவை விடுத்து, எம்.பி.-4 என்று முடியும் தெரிவை எடுங்கள். பழையது ஓர் எழுத்துக்கு மூன்று பைற்று மட்டுமே தரும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் முகக்குறிகளுக்கும், பழைய காணிக் கணக்குகளிலும் ஏடுகளிலும் வரும் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைற்று வேண்டும். அந்தப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. நிரலின் நீளத்தைத் தீர்மானிக்கும்போது, சில தரவுத்தளங்கள் பைற்றால் அளக்கின்றன, சில குறிகளால் அளக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. முப்பது பைற்று நிரலுக்குள் யாழ்ப்பாணம் என்ற ஒரு சொல்கூட அடங்காது.

அச்சகத்துக்குக் கொடுப்பது

அச்சகத்துடன் வேலை தொடங்குமுன், அவர்கள் எந்த மென்பொருளில் பக்கம் அமைக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. 2001இல் வெளிவந்த 7.0ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அங்கே கொடுப்பதற்கு ஒருங்குறி உரையைப் பாமினிக்குத் திருப்பி மாற்றித்தான் ஆகவேண்டும். இன்டிசைன் என்றால் சி.எஸ்.6 பதிப்பிலிருந்து தமிழ் சரியாக அமையும். பந்தி அமைப்புக்கான தெரிவுகளில் வேர்ல்ட்-ரெடி என்பதை மட்டும் இயக்க வேண்டும். இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சக ஊழியர் எழுத்துருவில் பிழை என்பார், எழுத்துருவை மாற்றினாலும் அது மாறாது.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (இறந்தவருக்கான நினைவு மலர்) போன்ற அவசர வேலைகளில் இன்னொன்றும் நடக்கிறது. ஒப்புநோக்கும்போது செய்யும் திருத்தங்கள் அச்சகத்தின் பாமினிப் பிரதியில் மட்டும் ஏறுகின்றன. குடும்பத்தாரிடமுள்ள ஒருங்குறிப் பிரதி பிழைகளுடனேயே நின்றுவிடுகிறது. பின்னர் அதை இணையத்தில் இடும்போது தவறான திகதியும் தவறான உறவுமுறையும் வெளியே வருகின்றன. எந்தத் திருத்தத்தையும் முதலில் ஒருங்குறிப் பிரதியில் செய்து, அந்தப் பகுதியை மட்டும் மாற்றி அச்சகத்துக்கு அனுப்பும் ஒழுங்கைக் கடைப்பிடிப்பது, எவ்வளவு அவசரமானாலும், வீண்வேலையன்று.

கைபேசிக் குறுஞ்செய்தியும் கோப்புப் பெயரும்

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறிகள் மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். பெற்றோருக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பும் பாடசாலை, யாழ்ப்பாணம் என்ற சொல்லே பதினொன்றை விழுங்கிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்து எழுத வேண்டும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவது தவறன்று. ஆனால் பழைய சுருக்கு மென்பொருள்களில் பொதி கட்டி அனுப்பினால் அந்தப் பெயர்கள் மறுமுனையில் சிதைந்து திறப்பதுண்டு. நாடு விட்டு நாடு போகும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பெயரிட்டு, தமிழ்த் தலைப்பை உள்ளே எழுதுவதே என் தெரிவு.

ஒன்றுபோலத் தெரியும் வேறு எழுத்துகள்

எல்லாம் ஒருங்குறிக்கு வந்த பின்னரும் தேடல் சில இடங்களிற் பிழைக்கும். கொக்குவில் என்ற சொல்லின் கொ இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறிக்கென உள்ள 3018 என்ற ஒற்றை எண்ணாலும், கொம்பும் அரவும் தனித்தனியாக 3014, 3006 என்ற இரண்டு எண்களாலும். இவை இரண்டும் சமம் என்று ஒருங்குறி நியமமே சொல்வதால், இயல்பாக்கம் என்ற செயல் மூலம் ஒன்றாக்கிவிடலாம். தரவுத்தளம் அமைப்பவரிடம் அதைச் செய்யும்படி கேளுங்கள். ஸ்ரீ அப்படியன்று. அது ஸகரத்தைக் கொண்டும் எழுதப்படுகிறது, 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதப்படுகிறது. திரையில் இரண்டும் ஒரே வடிவம், கணினிக்கு இரண்டும் வேறு எழுத்துகள். இயல்பாக்கமும் இதை ஒன்றாக்காது. மாணவர் பட்டியலில் ஸ்ரீதரன் என்று தேடி, இருக்கிற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிடாமலிருக்க, பட்டியல் முழுவதிலும் ஒரே முறையைத் தேடி மாற்றி நிலைநிறுத்துங்கள். தமிழ் எண்களான ௧, ௭ ஆகியவையும் க, எ என்ற எழுத்துகளின் இடத்தில் தவறி நுழைவதுண்டு. படிமத்திலிருந்து எழுத்துணரி மூலம் பெற்ற உரையில் இதைக் கவனிக்க வேண்டும்.

அகரவரிசையும் இதனோடு சேர்ந்ததே. ஒருங்குறி எண்களின் ஒழுங்கு நமது நெடுங்கணக்கின் ஒழுங்கு அன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் கனகாவைக் கமலாவுக்கு முன்னால் வைக்கும். குற்றின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரிதாகையால் பதுமையையும் பத்மாவுக்கு முன்னால் வைத்துவிடும். தரவுத்தளத்திலோ அட்டவணையிலோ தமிழுக்குரிய வரிசை ஒழுங்கு என்ற தெரிவு இருந்தால் அதை இயக்கினாற் போதும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வரி

பெரிய ஆவணத்தை அனுப்புவதற்கு முன், சிக்கல் தரக்கூடிய எல்லாவற்றையும் கொண்ட ஒரே வரியை அதே வழியில், அதே வகைக் கோப்பாக அனுப்பிப் பாருங்கள். இப்படி ஒன்று போதும்: யா/கொக்குவில் ஆசிரியர் ஸ்ரீதரன், கௌரி, தெளிவு, வெள்ளம், பக்ஷம், 12,500. பெறுபவர் அதைத் தாம் பயன்படுத்தும் மென்பொருளில் திறந்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, கிடைத்ததைப் படமாகவும் கோப்பாகவும் திருப்பி அனுப்பட்டும். படத்தில் வடிவங்கள் சரியா என்று பார்க்கலாம். திரும்பி வந்த கோப்பில் ஒவ்வொரு சொல்லையும் உங்கள் விசைப்பலகையில் புதிதாகத் தட்டித் தேடுங்கள். எல்லாச் சொற்களும் அகப்பட்டால் முழு ஆவணத்தையும் அனுப்பலாம். ஏதாவது ஒன்று அகப்படாவிட்டால், அந்தச் சொல்லுக்குரிய படிக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் சரிபார்த்த பின் அனுப்புங்கள்.